500 கவுன் தைத்து வாடகைக்கு விட்டால் ஒரே சீசனில் போட்ட பணம் வருமா?

திருச்சி_புதியவன் | 6 ஜனவரி 2025

பட்டமளிப்பு கவுன் வாடகைத் தொழிலில் இறங்கலாமா என்று பார்க்கிறேன். கணக்கு இது: கவுன், ஹூட் (கழுத்தைச் சுற்றிப் போட்டு முதுகில் தொங்கவிடும் துணி), தொப்பி, குஞ்சம் சேர்ந்து ஒரு செட் 600 ரூபாயில் முடியும். 500 செட்டுக்கு 3 லட்சம். வாடகை செட்டுக்கு 130. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டையைச் சுற்றி சீசனுக்கு 12 கல்லூரி பிடித்தால் 7 லட்சத்து 80 ஆயிரம். போட்டது போக 4 லட்சத்து 80 ஆயிரம் கையில் நிற்கும். எங்கே ஓட்டை இருக்கிறது, சொல்லுங்கள்.

கறுப்புத்துணி | 6 ஜனவரி 2025

12-லதாங்க ஓட்டை. ஜனவரி பொங்கலோட போயிரும். மார்ச் பாதியில செய்முறைத் தேர்வு, ஏப்ரல்ல செமஸ்டர். ஆக கிராஜுவேஷன் டே எல்லாம் பிப்ரவரி, மார்ச் சனி ஞாயிறுலதான் வந்து குவியும். இந்த வருசம் பிப்ரவரி 1-லிருந்து மார்ச் 29 வரைக்கும் சனிக்கிழமை 9. ஒரே சனிக்கிழமையை மூணு கல்லூரி கேட்கும், அடுத்த சனி போனே வராது. நல்லா ஓடுற சரக்கு சீசனுக்கு 5 தடவை வெளியே போகுங்க. முதல் வருசத்துக்கு 3-னு போடுங்க. 500 × 130 × 3, 1 லட்சத்து 95 ஆயிரம். இதுல இன்னும் சலவை, வண்டி, ஆள்கூலி கழிக்கல.

திருச்சி_புதியவன் | 6 ஜனவரி 2025

சனி காலை ஒரு கல்லூரி, ஞாயிறு காலை இன்னொன்று என்று அதே 500-ஐ விட முடியாதா?

சலவைக்கணக்கு | 7 ஜனவரி 2025

சனி காலை விழா என்றால் கடைசி கவுன் திரும்பி வர மதியம் 3 மணி. எண்ணி, ஹூட்டைத் தனியாகப் பிரித்து, மூட்டை கட்டி வண்டியில் ஏற்ற இரண்டு மணி நேரம். இறங்கிய 500-ல் 60, 70 கவுனில் கழுத்துப் பக்கம் ஃபவுண்டேஷன் அப்பியிருக்கும். குங்குமம், சந்தனம், கேக் கிரீம் தனி.

ஸ்டீம் அயர்னில் கை தேர்ந்த ஆள் மணிக்கு 15 கவுன் தேய்ப்பார். 500-க்கு 33 மணி நேரம். மூன்று மேசை போட்டாலும் 11 மணி நேரம். ஞாயிறு காலை 7 மணிக்கு அடுத்த வாசலில் நிற்க வேண்டுமென்றால் தேய்க்காமல்தான் போக வேண்டும். அப்படிப் போகிறவர்களும் உண்டு. குரூப் போட்டோவில் மடிப்புக் கோடு வரிசையாகத் தெரியும், அடுத்த வருஷம் அந்தக் கல்லூரி கூப்பிடாது.

சனிக்குச் சனி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறுக்கு வேறு சரக்கு இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள்.

கட்டிங்மாஸ்டர் | 9 ஜனவரி 2025

600 ரூபாய் எப்படி வந்தது என்று சொல்லவில்லை. துணியிலிருந்து பார்ப்போம்.

58 பன்னா (அகலம் 58 அங்குலம்) பாலியஸ்டர், 120 முதல் 140 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை). 100-க்குக் கீழே போனால் உள்ளே போட்ட வெள்ளைச் சட்டை நிழலாடும், சுடிதாரில் ஒட்டிக்கொண்டு ஏறும். 160-க்கு மேலே போனால் மார்ச் வெயிலில், பந்தலில், போட்டவர் பாடு திண்டாட்டம்.

48 அங்குல நீளக் கவுனுக்கு வெட்டு இப்படி. முதுகு ஒரு துண்டு, முன்பக்கம் இரண்டும் சேர்ந்து ஒரு துண்டு. ஒவ்வொன்றும் மடிப்பு சேர்த்து 50 அங்குலம், ஆக 100. கை, கீழ்ப்பக்கம் 36 அங்குலம், தோள்பக்கம் 22. ஒன்றை நேராகவும் ஒன்றைத் தலைகீழாகவும் போட்டால் 36-ம் 22-ம் சேர்ந்து 58, பன்னாவில் அச்சாக உட்காரும். அதற்கு 26 அங்குலம். யோக் (தோள்பட்டைத் துண்டு), கழுத்துப்பட்டி 8 அங்குலம். மொத்தம் 134, அதாவது 3.4 மீட்டர்.

இந்தத் தலைகீழ் வேலை கிரேப், பீச் மாதிரி இரண்டு திசையிலும் ஒரே மாதிரி தெரிகிற துணிக்கு மட்டும். சாட்டினில் செய்தால் ஒரு கை கறுப்பாகவும் மறு கை சாம்பல் ஓடியும் தெரியும். சாட்டின் கவுன் கேட்கிற கல்லூரிக்குத் துணி கூடப் போகும், விலையையும் அதற்கேற்பச் சொல்ல வேண்டும்.

திருச்சி_புதியவன் | 9 ஜனவரி 2025

அப்படியானால் 500 × 3.4, மொத்தம் 1,700 மீட்டர். மீட்டர் 75 ரூபாய் என்றால் துணிக்கே 1 லட்சத்து 27 ஆயிரம்.

கட்டிங்மாஸ்டர் | 10 ஜனவரி 2025

எல்லாம் 48 இல்லையே. சின்ன சைஸ் 3 மீட்டரில் முடியும், பெரியது 3.75 பிடிக்கும். கலந்து பார்த்தால் சராசரி 3.3 மீட்டருக்குள் வரும், 500-க்கு 1,640 சொச்சம். ஆனாலும் 1,700-ஆகவே வாங்குங்கள். மிச்சத்தைத் தொடாமல் வையுங்கள். அடுத்த வருஷம் கை கிழிந்தால் ஒட்டுப்போட அதே லாட் (ஒரே தடவையில் சாயமேற்றிய) துணி கிடைக்காது. கறுப்பில் எத்தனை கறுப்பு இருக்கிறது என்பது இரண்டு லாட் துணியை வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தால் தெரியும்: ஒன்று நீலம் ஓடும், ஒன்று பழுப்பு ஓடும். ரோலில் ஒட்டியிருக்கும் லாட் எண்ணைப் பார்த்து எடுங்கள்.

சாயம் போகுமா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து துணியில் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் கறுப்பு ஏறினால் அந்தத் துணி வேண்டாம். விஸ்கோஸ் கலந்த துணி இந்தச் சோதனையில்தான் மாட்டும். வேர்வையோடு ஒருவருடைய பட்டுப்புடவையில் சாயம் இறங்கினால் புடவை விலை உங்கள் தலையில்.

தேர்வறை | 11 ஜனவரி 2025

கல்லூரித் தேர்வுப் பிரிவிலிருந்து பார்க்கிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன். கவுனைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். தகராறு வருவது ஹூட்டில்.

கவுன் எல்லோருக்கும் கறுப்பு. ஹூட் லைனிங் பட்டத்துக்குப் பட்டம் மாறும்: பி.ஏ., பி.எஸ்சி., பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ., அப்புறம் முதுகலை வரிசை. எந்தப் பட்டத்துக்கு எந்த நிறம் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறு. திருச்சியில் பாரதிதாசன் நிறத்தில் தைத்து வைத்ததைக் கோவையில் பாரதியார் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. தன்னாட்சிக் கல்லூரிகள் சில தங்களுக்கென்று ஒரு பார்டர் வேறு கேட்கும்.

கல்லூரி "மெரூன்" என்று கடிதத்தில் எழுதும். அதை நம்பித் தைக்காதீர்கள். மெரூனில் கடையில் நாலு இருக்கிறது. ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு அங்குலத் துணித்துண்டு வெட்டி அட்டையில் ஒட்டி, பக்கத்தில் பட்டத்தின் பெயர் எழுதி, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் கையெழுத்து வாங்குங்கள். அட்டை இரண்டு பிரதி. ஒன்று அவர்களிடம், ஒன்று உங்களிடம். விழா அன்று முதல்வர் "இது நம்ம கலர் இல்லையே" என்றால் நீட்ட ஒன்று வேண்டும்.

திருச்சி_புதியவன் | 11 ஜனவரி 2025

ஒரு பக்கம் மெரூன், மறுபக்கம் நீலம் என்று ஹூட்டை இரண்டு பக்கமும் போடுகிற மாதிரி தைத்தால் பாதி செலவு மிச்சமாகுமே?

கட்டிங்மாஸ்டர் | 11 ஜனவரி 2025

எல்லோரும் முதல் வாரத்தில் யோசிப்பது இதுதான். ஹூட் முதுகில் விழும்போது லைனிங்கும் தெரியும், வெளித்துணியும் தெரியும். கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் நீலம் எட்டிப் பார்க்கும். பட்டம் வாங்கியவர் பி.காமா பி.எஸ்சியா என்று பார்க்கிறவர்கள் பந்தயம் கட்டலாம்.

கறுப்புத்துணி | 12 ஜனவரி 2025

தேர்வறை சார் சொன்னதையே கணக்காச் சொல்றனுங்க. 500 கவுனுக்கு 500 ஹூட் பத்தாது. ஒரு கல்லூரியில பி.காம். 200, பி.எஸ்சி. 120. அடுத்த கல்லூரியில அதே தலைகீழ். ரெண்டுக்கும் ஈடு கொடுக்கணும்னா 500 கவுனுக்கு 800 ஹூட்டாவது வேணும். ஹூட் ஒண்ணு 150-னு வச்சா கூடுதல் 300-க்கு 45 ஆயிரம். அப்ப உங்க 3 லட்சம் 3 லட்சத்து 45 ஆயிரம் ஆச்சு. மூட்டைத் துணி, தொப்பிப் பெட்டி, லேபிள், ஸ்டீம் அயர்ன் மூணு சேர்த்தா 4 லட்சத்தை எட்டிரும்.

பழைய ஆளுங்க செய்றது: முதல் வருசம் ஒரே பல்கலைக்கழகத்துக்குக் கீழ இருக்கிற கல்லூரியா மட்டும் பிடிப்பாங்க. நிறம் ஒண்ணாயிரும். ஹூட் 650-ல ஓட்டிறலாம்.

திருச்சி_புதியவன் | 14 ஜனவரி 2025

பொங்கல் வாழ்த்துகள். சைஸ் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. ஃப்ரீ சைஸ் போதாதா?

கட்டிங்மாஸ்டர் | 15 ஜனவரி 2025

ஃப்ரீ சைஸ் என்பது 5 அடி 6 அங்குலம் உள்ளவருக்கு மட்டும் சரியாக இருக்கிற சைஸ்.

உயரத்தை அங்குலமாக்கி 18 கழியுங்கள். வருவது பின்கழுத்திலிருந்து கீழ்விளிம்பு வரை கவுன் நீளம். விளிம்பு தரையிலிருந்து எட்டு ஒன்பது அங்குலம் மேலே நிற்கும். புடவைக் கரை தெரியும், படியில் தடுக்காது. ஐந்து சைஸ் போதும்:

42: 5 அடி 1 வரை
45: 5 அடி 2 முதல் 5 அடி 4
48: 5 அடி 5 முதல் 5 அடி 7
51: 5 அடி 8 முதல் 5 அடி 10
54: அதற்கு மேல்

இருபாலர் கல்லூரி, பாதிக்குப் பாதி என்றால் நூற்றுக்கு 27, 30, 26, 14, 3 என்று தைக்கலாம். மகளிர் கல்லூரிக்கு இது உதவாது. அங்கே 42 மட்டுமே பாதி போய்விடும், 45 மூன்றில் ஒரு பங்குக்கு மேல், 51 கேட்க ஆள் இருக்காது.

நீளத்தோடு அகலமும் உண்டு. சாதாரண வெட்டில் மார்புச் சுற்று 54 அங்குலம் வைத்தால் பெரும்பாலோருக்குச் சரி. நூற்றுக்கு ஆறு கவுன் 64 சுற்றில், அதிலும் 45, 48 நீளத்தில் வைத்திருங்கள். அகலமானவருக்கு நீளக் கவுனைக் கொடுத்து அனுப்புவதுதான் எல்லா இடத்திலும் நடக்கிறது. மேடைப் படியில் விளிம்பை மிதித்துத் தடுமாறுவது அதனால்தான்.

தேர்வறை | 15 ஜனவரி 2025

மாணவர்களிடம் உயரம் கேட்டு கூகுள் ஃபார்ம் விடுவோம். பையன்கள் எழுதியதில் இரண்டு அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். பெண்கள் சரியாக எழுதுவார்கள், ஆனால் அன்றைக்கு ஹீல்ஸ் போட்டு வருவார்கள். சென்டிமீட்டர் கேட்ட இடத்தில் அடியை எழுதியவர்கள் கணக்கில், 5.4 சென்டிமீட்டர் உயரத்தில் வகுப்புக்கு ஏழெட்டுப் பேர் இருப்பார்கள்.

கறுப்புத்துணி | 16 ஜனவரி 2025

சைஸ் லேபிளைப் பின்கழுத்துல அச்சடிச்சு வச்சாலும் கூட்டத்துல யாரும் படிக்க மாட்டாங்க. லேபிள் ஓரத்துல கலர் நூல்ல ஒரு தையல் போடுங்க. சிவப்பு 42, மஞ்சள் 45, இப்படி. மடிச்சு அடுக்கின பிறகும் கழுத்து மேல இருக்கிற மாதிரி வச்சா தூரத்துலயே தெரியும். ஒரு சைஸ் பத்துப் பத்தா ஒரு கட்டு. 25-ஆக் கட்டினா அடியில இருக்கிறது நசுங்கி மடிப்பு இறுகிப் போயிரும்.

குஞ்சம்_கடை | 18 ஜனவரி 2025

தொப்பியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, நான் சொல்கிறேன்.

மேல்பலகை ஒன்பதரை அங்குலச் சதுரம். உள்ளே என்ன வைக்கிறீர்கள் என்பதில்தான் ஆயுசு. 2 மில்லிமீட்டர் அட்டை வைத்தால் விலை குறைவு, ஒரு மழை போதும், நாலு மூலையும் மேலே சுருண்டுவிடும். வேர்வைக்கே சுருளுகிற அட்டை உண்டு. ஒன்றரை மில்லி பிளாஸ்டிக் ஷீட் வைத்தால் தொப்பிக்கு 15, 20 ரூபாய் கூடும், ஐந்தாறு சீசன் தாங்கும். ஒரே ஒரு விஷயம்: பிளாஸ்டிக்கின் மூலையை வட்டமாகக் கத்தரிக்க வேண்டும். கத்தரிக்காமல் துணி சுற்றினால் மூன்றாவது தடவையில் மூலை துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

தலைச்சுற்று இரண்டு சைஸ் போதும், பின்னால் எலாஸ்டிக் வைத்து: 54 முதல் 57 சென்டிமீட்டர், 58 முதல் 61. ஹிஜாப் அணிந்த மாணவிகளுக்கும் அடர்த்தியான கொண்டைக்கும் பெரியது. மல்லிகைப்பூ வைத்தால் தொப்பி பின்னால் சாயும். பின்னலுக்குக் கீழே பூவை இறக்கச் சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் ஹேர்பின் ஒவ்வொன்று. கவுண்டரில் ஹேர்பின் ஒரு பெட்டி, ஊக்கு ஒரு பெட்டி இல்லாமல் போகாதீர்கள்.

முன்பக்கம் எது என்று கேட்பார்கள். எலாஸ்டிக் பின்னால், பலகையின் ஒரு மூலை நெற்றிக்கு நேராக, பலகை தரைக்கு மட்டமாக. எல்லோருக்கும் பின்னால் சாய்த்துப் போடத்தான் பிடிக்கும்.

குஞ்சம் ரேயானில் பளபளப்பாக இருக்கும், நனைந்தால் சாயம் கன்னத்தில் இறங்கும். பாலியஸ்டர் குஞ்சம் கொஞ்சம் மங்கல், சாயம் போகாது.

சலவைக்கணக்கு | 18 ஜனவரி 2025

குஞ்சத்தைப் பொத்தானோடு தைக்க வேண்டுமா, வளையமாக மாட்ட வேண்டுமா? மாட்டினால் போகிற போக்கில் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். 500 போனால் 430 வருகிறது.

குஞ்சம்_கடை | 19 ஜனவரி 2025

தைத்தால் பட்டத்துக்குப் பட்டம் நிறம் மாற்ற முடியாது. எடுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடுங்கள். ஆண்டு எண் பொறித்த சின்ன உலோகத் தகடு மாட்டிய குஞ்சத்தை 45 ரூபாய்க்கு விற்பனையாகவே கல்லூரி பில்லில் சேர்த்துவிடுங்கள். உங்களுக்கு அடக்கம் அதில் பாதிதான் வரும். எண்ணி வாங்குகிற வேலையும் மிச்சம்.

திருச்சி_புதியவன் | 19 ஜனவரி 2025

தொப்பியை மேலே எறிகிற வழக்கத்துக்கு என்ன செய்வது?

குஞ்சம்_கடை | 19 ஜனவரி 2025

எறிவார்கள். தடுக்க முடியாது. 2016-ல் இங்கிலாந்தில் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகம், எறிகிற மாதிரி கையை மட்டும் தூக்குங்கள், தொப்பியைப் படத்தில் பிறகு ஒட்டித் தருகிறோம் என்று மாணவர்களிடம் சொல்லி ஊர் சிரித்தது. கண்ணில் மூலை குத்துகிறது என்பதுதான் காரணம், அதில் பொய்யில்லை. நம்மால் முடிந்தது: மூலையை வட்டமாக்குவது, எறிவதற்கென்று பழைய தொப்பி 40, 50 தனியாகக் கொண்டுபோய் போட்டோகிராபரிடம் கொடுப்பது. முன்வரிசை மட்டும் எறிந்தால் படத்துக்குப் போதும்.

கறுப்புத்துணி | 22 ஜனவரி 2025

ஹூட் கழுத்தை இறுக்குறது பத்திக் கேட்பாங்க, முன்னாடியே சொல்லிடறேன். ஹூட் முன்னாடி ஒரு சின்ன வளையம் இருக்கும், அதைச் சட்டைப் பொத்தான்ல மாட்டணும். பையனுக்குச் சரி. புடவைக்கும் சுடிதாருக்கும் பொத்தான் ஏது? ஹூட் வெயிட்டு பின்னாடி இழுக்கும், முன்பட்டை தொண்டையில ஏறும். மேடையில பட்டம் வாங்குற கையால ஹூட்டை இழுத்து விட்டுட்டே நிப்பாங்க.

வழி: கவுன் தோள்ல ரெண்டு பக்கமும் வெல்க்ரோ வச்சா ஹூட் நகராது.

கட்டிங்மாஸ்டர் | 22 ஜனவரி 2025

வெல்க்ரோ வேண்டாம். ஹூட் மாட்டாத நேரத்தில் கொக்கிப் பக்கம் பட்டுப்புடவையில் உரசினால் இழை இழுத்துவிடும். தோளில் கழுத்திலிருந்து இரண்டரை அங்குலம் தள்ளி, பக்கத்துக்கு ஒரு பிரஸ் பட்டன். ஹூட்டில் அதன் ஜோடி. எல்லா சைஸிலும் அதே இரண்டரை அங்குலம், ஏனென்றால் எந்த ஹூட் எந்தக் கவுனோடு போகும் என்று தெரியாது. செலவு செட்டுக்கு மூன்று ரூபாய்.

கறுப்புத்துணி | 22 ஜனவரி 2025

சரிங்க மாஸ்டர், பிரஸ் பட்டனே. பழைய சரக்குல வெல்க்ரோ இருந்தா சொரசொரப் பக்கத்தை ஹூட்லயும் மெத்துப் பக்கத்தைக் கவுன்லயும் மாத்தித் தச்சுக்கலாம், அப்பயும் ஹூட்டு புடவையில படாம பாக்கணும்.

தேர்வறை | 27 ஜனவரி 2025

எண்ணிக்கை. பட்டம் பெறத் தகுதி 620 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிறேன் என்று பணம் கட்டியவர் 540. அன்று வருபவர் 480. வெளியூர் வேலை, பயணம், லீவு கிடைக்காதது. கல்லூரி 480-க்குத்தான் பணம் தருவேன் என்னும், நீங்கள் 540 தேய்த்து ஏற்றி வந்திருப்பீர்கள். ஒப்பந்தத்தில் இரண்டு வரி போடுங்கள்: விழாவுக்கு ஐந்து நாள் முன் இறுதி எண்ணிக்கை, அதில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் பில். தேதி மாறினால் என்ன என்பதற்கும் ஒரு வரி. இணைவுக் கல்லூரியில் பட்டச் சான்றிதழ் பல்கலைக்கழகத்திலிருந்து வர வேண்டும், சிறப்பு விருந்தினர் தேதி தர வேண்டும். இரண்டில் ஒன்று தவறும். மாற்றுத் தேதி கொடுத்தால் முன்பணம் அந்தத் தேதிக்குச் செல்லும், பத்து நாளுக்குள் மாற்றினால் முன்பணத்தில் கால்வாசி பிடித்தம் என்று இருந்தால் இரு தரப்புக்கும் நியாயம்.

விருந்தினருக்கு, முதல்வருக்கு, துறைத் தலைவர்களுக்குக் கவுன் தனி. அவர்கள் அளவை முன்னாலேயே கேட்க யாருக்கும் தைரியம் வராது. 48 அகலம், 51 அகலம், 54 அகலம் என்று மூன்று எடுத்துப் போங்கள்.

சலவைக்கணக்கு | 3 பிப்ரவரி 2025

திரும்ப வாங்குவது. கொடுப்பது அமைதியாக நடக்கும், பதிவெண் வாரியாக மூன்று கவுண்டர் போட்டால் ஒரு மணி நேரத்தில் 500 பேர் போய்விடுவார்கள். வாங்குவதுதான் கூத்து. விழா முடிந்ததும் எல்லோரும் கட்டடத்துக்கு முன்னால் படம் எடுக்கப் போவார்கள். கவுன் நாற்காலியில், மரத்தடியில், தோழியின் ஸ்கூட்டரில் இருக்கும்.

மேடையில் வெறும் ஃபைலைக் கொடுத்துவிட்டு உண்மைச் சான்றிதழைக் கவுன் வாங்கும் கவுண்டரில் கொடுக்கிற கல்லூரியில் இழப்பு கிட்டத்தட்ட இல்லை.

தேர்வறை | 3 பிப்ரவரி 2025

அதற்கு நான் உடன்பட மாட்டேன். சான்றிதழ் கவுனுக்கு அடமானம் இல்லை. பெற்றோர் முன்னால் குஞ்சத்துக்காகச் சான்றிதழை நிறுத்தி வைத்தால் அந்தப் பேச்சு எங்கள் தலையில் விழும். 500 ரூபாய் டெபாசிட் வாங்குங்கள், யுபிஐயில் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

சலவைக்கணக்கு | 4 பிப்ரவரி 2025

480 பேருக்கு யுபிஐயில் திருப்பி அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா சார்? அதுவும் அரங்கில் எல்லோர் போனும் ஒரே டவரில். ரொக்கமாக, பதிவெண் எழுதிய கவரில் 500 ரூபாய்த் தாளை அப்படியே போட்டு வாங்குங்கள், கவுன் வந்ததும் அதே கவரைத் திருப்பிக் கொடுங்கள். எண்ண வேண்டாம், சில்லறை வேண்டாம். பொருள் குறைந்தால் என்ன வசூலிப்போம் என்பதை அந்தக் கவரிலேயே அச்சடியுங்கள்: தொப்பி 150, ஹூட் 250, கவுன் 600.

தேர்வறை | 4 பிப்ரவரி 2025

கவர் யோசனை சரி. எங்கள் கையெழுத்தும் கவரில் இருக்கட்டும்.

கறுப்புத்துணி | 16 பிப்ரவரி 2025

சீசன் நடுவுல கொஞ்சம் வேற பேச்சு. போன ஆகஸ்ட்ல மத்திய சுகாதார அமைச்சகம் தங்களுக்குக் கீழ இருக்கிற மருத்துவக் கல்லூரிகளைக் கறுப்பு அங்கியை விட்டுட்டு உள்ளூர் மரபு உடைக்கு மாறச் சொல்லுச்சே. இந்தத் தொழிலுக்கே ஆயுசு கம்மியோ?

தேர்வறை | 16 பிப்ரவரி 2025

2010-லேயே போபாலில் அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் மேடையில் அங்கியைக் கழற்றிவிட்டுக் காலனிய மிச்சம் என்று சொன்னார். 2019-ல் பல்கலைக்கழக மானியக் குழு, விழா உடையைக் கைத்தறியில் தைக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைந்தபோது வந்த வழக்கம் இது. கலைக் கல்லூரிகளில் சீக்கிரம் போகாது. அம்மா அப்பாவுக்குக் கறுப்புக் கவுனில் படம் வேண்டும்.

கட்டிங்மாஸ்டர் | 17 பிப்ரவரி 2025

கைத்தறிப் பருத்தியில் கவுன் தைக்கலாம், வாடகைக்கு விடுவது கடினம். சுருங்கும், கசங்கும், வெயிலில் கறுப்பு வெளுக்கும், தேய்க்கும் நேரம் இரண்டு மடங்கு. அங்கவஸ்திரம், ஸ்டோல் என்றால் வேறு. அதில் ஆண்டும் கல்லூரிச் சின்னமும் அச்சாகும், திரும்ப வாங்க முடியாது, விற்பனைதான். எண்ணிக்கை கிடைத்தால் லாபம் கவுனைவிடச் சுத்தமாக வரும். மீந்தால் அடுத்த வருஷம் துடைக்கத்தான் ஆகும்.

திருச்சி_புதியவன் | 20 பிப்ரவரி 2025

யு.கே.ஜி. கிராஜுவேஷனுக்குப் பள்ளிகள் கேட்கிறார்களே, அதைச் சேர்த்துக்கொள்ளலாமா?

கறுப்புத்துணி | 20 பிப்ரவரி 2025

கண்டிப்பாச் சேருங்க. பள்ளிக்கூடம் வார நாள்ல வைப்பாங்க, கல்லூரிச் சனிக்கிழமையோட மோதாது. 26, 29-னு ரெண்டு நீளம், துணி 1.2 மீட்டருக்குள்ள முடிஞ்சிரும். தொப்பிக்குப் பிளாஸ்டிக் வேண்டாம், ஃபோம் ஷீட் வைங்க. தாடைக்கு எலாஸ்டிக் போடணும், இல்லாட்டி தொப்பி கையில, குஞ்சம் வாயில. முன்பக்கம் ஜிப் வச்சாப் பிள்ளைங்க அதையே ஏத்தி இறக்கிப் பிடுங்கிருவாங்க, கழுத்துல ஒரு பிரஸ் பட்டன் போதும். கறுப்பைவிட நீலமும் மெரூனும்தான் கேட்பாங்க. ஒவ்வொரு தடவையும் முழுசாத் துவைக்கணும், இதுல கறை மட்டும் எடுக்கிற பேச்சே இல்ல.

சலவைக்கணக்கு | 21 பிப்ரவரி 2025

பெரியவர்கள் கவுனுக்குக் கறை எடுக்கும் முறை கேட்டுத் தனிச்செய்தி வந்தது, இங்கேயே போடுகிறேன். ஃபவுண்டேஷன், கிரீம் இரண்டும் எண்ணெய்ப் பசை: பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, பத்து நிமிடம், மென்மையான பிரஷ், ஈரத்துணியால் துடைப்பு. குங்குமத்தை முதலில் நனைத்தால் பரவும், காய்ந்தபடியே தட்டிப் பிரஷ் போட்ட பிறகுதான் திரவம். வேர்வை உப்பு வெள்ளைக் கோடாகத் தெரியும், வெறும் ஈரத்துணி போதும். இரண்டு விழாவுக்கு ஒரு தடவை முழுச் சலவை, குளிர்ந்த தண்ணீர், நிழலில் காய வைப்பது. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக நேரே வைத்தால் கறுப்பு பளபளத்துப் போகும், அந்தப் பளபளப்பு பிறகு போகாது. ஹூட்டின் மெரூன் லைனிங்கை வெள்ளைப் பட்டையோடு சேர்த்து ஊற வைக்காதீர்கள்.

திருச்சி_புதியவன் | 9 மார்ச் 2025

இதையெல்லாம் வைத்துத் திருத்திய கணக்கு: 300 கவுன், ஒரே பல்கலைக்கழக நிறத்தில் 400 ஹூட், 320 தொப்பி, யு.கே.ஜி. செட் 100. முதலீடு 2 லட்சத்து 40 ஆயிரத்துக்குள். சீசனுக்கு 3 சுற்று என்றால் கவுன் வாடகை 1 லட்சத்து 17 ஆயிரம், செலவு போக 60, 65 ஆயிரம். நான்காம் வருஷத்தில்தான் போட்டது வரும்.

கறுப்புத்துணி | 9 மார்ச் 2025

இதான் கணக்கு. யு.கே.ஜி. நல்லா ஓடுனா மூணு வருசம். பாக்கிப் பணத்தையும் சேர்த்து யோசிங்க. கல்லூரி "ஆடிட் முடியட்டும்"னு இழுக்கும். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு போட்டு, அந்த எண்ணைப் பில்லுல அச்சடிச்சிருங்க. சிறு, குறு தொழிலுக்கான 2006 சட்டப்படி 45 நாளுக்குள்ள கொடுக்கணும், தாண்டினா வங்கி விகிதத்துல மூணு மடங்கு வட்டி. அதுக்கான அரசு இணையதளத்துல புகார் கொடுக்கலாம், ஆனா அடுத்த வருச ஆர்டர் வேணும்னா கொடுக்க மாட்டீங்க. அதனால 50 சதவீதம் முன்பணம், மீதியில பாதியைச் சரக்கு இறக்கும்போதே வாங்கிருங்க.

தேர்வறை | 10 மார்ச் 2025

பெரிய அறக்கட்டளைக் கல்லூரியில் இறக்கும்போது காசோலை தர மாட்டார்கள். மாணவர்களிடம் வாங்கும் விழாக் கட்டணத்திலிருந்து கவுன் வாடகையைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்லுங்கள். அது கல்லூரிப் பணம் இல்லை என்றானால் ஆடிட் வரை காத்திருக்கத் தேவையில்லை.

கறுப்புத்துணி | 5 அக்டோபர் 2025

இந்தப் பழைய உரையாடல் இழையை மறுபடி மேலே தூக்குறேன். செப்டம்பர் 22-லிருந்து ஆயத்த ஆடைக்கு 2,500 ரூபாய் வரைக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம். மாணவர் கவுன் முன்னாடியே ஆயிரத்துக்குக் கீழதான், அதுல மாத்தம் இல்ல. விருந்தினர் கவுன், பிஎச்.டி. கவுன் ஆயிரத்துக்கு மேல விக்கிறவங்களுக்கு 12 போய் 5 ஆச்சு. வாடகை மட்டும் விடுறவங்க ஒண்ணு கவனிங்க: வாடகைன்னா சேவை. பதிவுக்கு வரம்பு 20 லட்சம், பொருள் விக்கிறவங்களோட 40 லட்சம் இல்ல.

திருச்சி_புதியவன் | 6 அக்டோபர் 2025

நன்றி அண்ணே. மழை மாதம் முழுக்கச் சரக்கு கிடங்கில் இருக்கப் போகிறது. பாலியஸ்டருக்கு அந்துருண்டை போட வேண்டுமா?

சலவைக்கணக்கு | 6 அக்டோபர் 2025

பாலியஸ்டரைப் பூச்சி தின்னாது, அந்துருண்டை வாசனைதான் பிப்ரவரி வரை போகாது. ஈரம் பட்டால் பூஞ்சை மட்டும் வரும். துவைத்து நன்றாகக் காய்ந்ததை மட்டும் உள்ளே வையுங்கள், தரையிலிருந்து ஓர் அடி மேலே, பிளாஸ்டிக் உறையை இறுக்கிக் கட்டாமல். எலி கவுனை விட்டுவிட்டு எலாஸ்டிக்கைத்தான் கடிக்கும், தொப்பிப் பெட்டிக்கு மூடி வேண்டும்.

குஞ்சம்_கடை | 7 அக்டோபர் 2025

தொப்பியை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே இருப்பது குழிந்துவிடும். பலகையோடு பலகை முகம் பார்க்க ஜோடியாக வைத்து, பெட்டிக்கு 50, மேலே பாரம் ஏற்றாமல். குஞ்சத்தைக் கழற்றி நூலால் கட்டித் தனிப் பையில் போடுங்கள். தொப்பியோடு விட்டால் ஜனவரியில் ஒவ்வொன்றாகச் சிக்கெடுக்க இரண்டு ஆள் தேவைப்படும்.